‘கட்’டுக்குப் பிறகு வந்த பார்வை

டிவியில் அந்தத் தொடர் ஓட ஆரம்பித்த இரண்டாவது வருடம், மழைக்காலம் முடிந்த கையோடு, கதாநாயகியின் கண்ணுக்கு அவளுடைய சொந்தப் புருஷன் தெரியாமல் போனார். மற்றதெல்லாம் தெரிந்தது. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தெரிந்தது, நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்த ஈரக்கறை தெரிந்தது, அவரைத்தான் காணோம். போட்டிருந்த சட்டையும் அவரோடு சேர்ந்தே போய்விட்டது. வெறும் சட்டை வீட்டுக்குள் நடமாடினால் பயந்திருப்பாள் என்பதால் அது ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று. டம்ளரை அவர் கையில் எடுத்தால் டம்ளர் மறையும், கீழே வைத்தால் திரும்ப வரும். குரல் கேட்டது, கையை நீட்டினால் தட்டுப்பட்டார், தூக்கத்தில் வழக்கம்போலக் குறட்டை விட்டார். கண் மருத்துவர் காட்டிய பலகையில் கடைசி வரியின் பொடி எழுத்தைக் கூட அவள் தடுமாறாமல் படித்தாள். பக்கத்தில் நிற்கும் புருஷனைக் காட்டி, இங்கே என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, ஒரு காலண்டர், அதில் போன மாதம் கிழிக்காமல் இருக்கிறது என்றாள். மருத்துவர் காலண்டரைக் கிழித்துவிட்டு, சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, நன்றாகத் தூங்கச் சொன்னார்.

அதுவரை ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் அந்த வீட்டில் கேட்ட ‘என்னங்க’ அன்றிலிருந்து நாள் முழுக்கக் கேட்டது. அடுப்படியிலிருந்து என்னங்க என்பாள், இங்கதான் என்று கூடத்திலிருந்து பதில் வரும். குளித்துவிட்டு வந்து என்னங்க என்பாள், இங்கதான் என்று காதுக்குப் பக்கத்திலேயே கேட்டுத் தூக்கிவாரிப்போடும். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டால் போதும், அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

இதற்குக் காரணம் யார் என்பது ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன் அந்தத் தொடரின் எடிட்டர். படம் பிடித்ததை வெட்டி ஒட்டுகிறவன் என்பதால் எல்லாரும் அவனைக் கத்திரி என்று கூப்பிட்டார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அவன் வேலை பார்த்த கட்டடம் முன்பு நூல் கிடங்காக இருந்தது. இரண்டாம் மாடியில் படப்பிடிப்புத் தளம், நாலாம் மாடியில் ஜன்னல் இல்லாத எடிட்டிங் அறை, மொட்டை மாடியில் லிஃப்டை இழுக்கும் சக்கரம் இருக்கிற மெஷின் ரூம். லிஃப்ட் ஒன்றுதான், அதுவும் வாரத்தில் பாதி நாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். வந்து வந்து போய்ச் சலித்துப்போன லிஃப்ட் கம்பெனி, ஒரு மெக்கானிக்கை அந்தக் கட்டடத்திலேயே போட்டுவிட்டது. நாயகியின் புருஷன் அந்த மெக்கானிக்தான். இந்தத் தொடருக்கு ரொம்ப முன்னால், புதுமுகமாக வந்த நாளில் அவள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதபோது, கதவுக்கு வெளியே நின்று ஜோக் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தவர் அவர். கதவு திறந்தபோது அவள் அழுகையை மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள், குரலுக்குரிய முகத்தை அப்போதுதான் பார்த்தாள். அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று.

தொடரில் அவளுக்கு ஜோடியாக நடித்தவன் கெட்டவன் இல்லை. நேரத்துக்கு வருவான், வசனத்தை மறக்க மாட்டான், யாரையும் வாடா போடா என்று பேச மாட்டான். காதல் காட்சியில் அவள் கண்ணுக்குள் ஆழமாகப் பார்ப்பான். அங்கே அவன் முகம் குட்டியாகத் தெரியும், முடி கலைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். கொஞ்சம் அகலமாக முழிக்க முடியுமா, வகிடு தெரியவில்லை என்று ஒருமுறை கேட்டே விட்டான். அவளுக்கும் அவன் மேல் ஒன்றும் வரவில்லை. கடைப் பலகையைப் படிப்பது மாதிரி அவன் முகத்தைப் பார்த்து வசனத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் நடுவில் குளிர்ந்தது. மேக்கப்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் கட்டிப்பிடிக்கிற காட்சியை எடுத்த அன்று, தளத்தில் எல்லார் வாயிலிருந்தும் புகை மாதிரி மூச்சு வந்தது. ஒளிபரப்பானபோது வீடுகளில் டிவி கண்ணாடியில் பனி பூத்தது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் பால் பாத்திரத்தை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள், மறுநாள் வரை கெடவில்லை. பால் வைப்பதற்காக மட்டும் அந்தத் தொடரைப் போட்டவர்கள் உண்டு. அவர்களும் டிவியைப் போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டதால் பார்க்கிறவர்கள் கணக்கில் வரவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் கெமிஸ்ட்ரி இல்லை என்று டைரக்டர் சொன்னார். பிசிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள் என்று தயாரிப்பு நிர்வாகி சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. இந்த வாரத்துக்குள் பற்றிக்கொள்ளவில்லை என்றால் தொடரை நிறுத்திவிடுவோம் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். தளத்தில் இருந்த லைட்மேன், தையல்காரர், டீ கொண்டுவருகிறவர் எல்லாருக்கும் அதுதான் சோறு. டைரக்டர் நாலாம் மாடிக்கு ஏறி வந்து, நீதான் ஏதாவது பண்ணணும் என்று கத்திரியின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

கத்திரி பண்ணினான். நடிகர்களை விட எடிட்டருக்கு அதிகம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னாலேயே கேமரா ஓட ஆரம்பித்துவிடும், ‘கட்’ சொன்ன பிறகும் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். அந்த முன்னும் பின்னும் யாருக்கும் வேண்டாத துண்டுகள். அதில் நடிகர்கள் மூக்கைச் சொறிவார்கள், கொட்டாவி விடுவார்கள், செருப்பைத் தேடுவார்கள். ‘கட்’ என்றதும் நாயகியின் முகத்திலிருந்து தொடரில் அவள் நடிக்கும் மருமகள் இறங்கிப் போவாள், உடனே தலையைத் திருப்பி லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பார்ப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே அவள் புருஷன் லிஃப்ட்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடைஞ்சல் இல்லாமல் சுவரோடு சுவராக நிற்பார். அவரைப் பார்த்ததும் அவள் கண் ஒரு மாதிரி தளரும். காலையிலிருந்து தூக்கிச் சுமந்ததைக் கீழே இறக்கி வைத்த மாதிரி இருக்கும். கத்திரி அந்தப் பார்வையை எடுத்தான். நாயகன் தன் வகிட்டைத் தேடிக்கொண்டிருந்த முகத்துக்கு எதிரே வைத்து ஒட்டினான். சின்னதாகப் பாட்டு ஒன்றைக் கீழே ஓடவிட்டான். போட்டுப் பார்த்தபோது அறையின் ஏசியை மீறி அவனுக்கு வேர்த்தது.

தொழிலில் அதை லுக் கொடுப்பது என்பார்கள். இடது பக்கம் லுக் கொடுங்க, இப்போ வாசலுக்கு லுக் கொடுங்க என்று டைரக்டர் கேட்பார், நடிகர்கள் கொடுப்பார்கள். இது யாரும் கேட்டுக் கொடுத்த லுக் இல்லை, எடுத்த லுக் என்று கத்திரிக்கு அப்போதே உறைத்தது. ஆனால் வேண்டாத துண்டைத்தானே எடுத்தோம், குப்பைக்குப் போக இருந்ததுதானே என்று சொல்லிக்கொண்டான்.

அந்த வாரம் ஊர் பற்றிக்கொண்டது. அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டால் டிவியிலிருந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்த மாதிரி சூடு வந்தது. மழை நாட்களில் ஈரத்துணியை டிவிக்கு முன்னால் கயிறு கட்டிக் காயப் போட்டார்கள், தொடர் முடிவதற்குள் காய்ந்தது. பூனைகள் ஏழரை மணிக்குத் தாங்களாகவே வந்து டிவிக்கு முன்னால் படுத்துக்கொண்டன. வருடக்கணக்காக முகம் பார்க்காத புருஷன் பெண்டாட்டி சிலர் விளம்பர இடைவேளையில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களில் சிலருக்கு அடுத்த வருடம் குழந்தை பிறந்தது. இப்படி ஒரு ஜோடி வந்ததே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. நிஜத்திலும் இருக்குமோ என்று கேள்விக்குறி போட்டு எழுதியவர்களும் உண்டு. தொடர் நிற்கவில்லை. லைட்மேன் தன் வீட்டுக்கு மேல்தளம் போட்டார்.

கத்திரி சொந்த ஊரை விட்டு வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவன். மதியம் அவனுக்குச் சாப்பாடு போட்டது லிஃப்ட்காரர்தான். மெஷின் ரூமுக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்து, அடுக்கு டிபனில் வந்ததை மூடியில் பாதி பிரித்துக் கொடுப்பார். சமைத்து அனுப்புவது நாயகி. படப்பிடிப்பு இருக்கிற நாளிலும் காலையில் எழுந்து அவளே சமைப்பாள், ஒரு ஆளுக்குக் கூடவே வைப்பாள். அவன் அவரை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். அந்தப் படிக்கட்டில்தான் லிஃப்ட்காரர் ஒரு நாள் முட்டையை உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“தம்பி, வீட்ல ஒரு கூத்து. உங்க அண்ணிக்கு நான் தெரிய மாட்டேங்குறேன்.”

“கோவமா அண்ணே?”

“கோவம்னா பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருப்பா. இது நெசமாவே தெரியல. கொஞ்ச நாளா ஓரமெல்லாம் மங்கலா இருந்தேனாம். நேத்துல இருந்து சுத்தமா இல்ல.” முட்டையில் பாதியை அவன் மூடியில் வைத்தார். “நீ ஏன் சாப்பிடாம இருக்க? உனக்கு நான் தெரியுறேன்ல?”

தெரிகிறது என்று கத்திரி சொன்னான். எப்போதிலிருந்து மங்க ஆரம்பித்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். அது அவன் முதல் பார்வையை எடுத்து ஒட்டிய வாரம். சுத்தமாகப் போனது, இருந்ததில் நல்ல பார்வையாகப் பார்த்து, தொடரில் கல்யாண நாள் காட்சிக்கு வைத்த அன்று. சாப்பாடு தொண்டையில் நின்றிருந்தால், கசந்திருந்தால் கூட அவனுக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும். ருசியாக இருந்தது, முழுக்கச் சாப்பிட்டான், கை கழுவினான், கீழே போய் அன்றைய பகுதிக்கு இன்னொரு பார்வையை எடுத்து வைத்தான். ஏழரைக்குப் போக வேண்டும், மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும், வேறு வழியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டான்.

புருஷன் தெரியாததால் நாயகி ‘கட்’ சொன்ன பிறகு திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் நின்றாலும் அவளுக்கு அங்கே சுவர்தான். புதிதாகப் பார்வை வருவது நின்றது. கத்திரி பழையதையே ஓட்டினான். மெதுவாக ஓடவிட்டான், பெரிதாக்கினான், கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிப் போட்டான். அவளுடைய மச்சம் திங்கட்கிழமை இடது கன்னத்திலும் புதன்கிழமை வலது கன்னத்திலும் இருந்தது. பார்க்கிறவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள், சில பெண்கள் தாங்களும் மை வைத்து மாற்றி மாற்றி மச்சம் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மதியம் அவள் நாலாம் மாடிக்கு வந்தாள். எடிட்டிங் அறைக்கு அவள் வந்ததே இல்லை. செருப்பை வெளியே விட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்து, ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் புருஷனை இப்போது பரிதாபமாகப் பார்க்கிறார்கள் என்றாள். கடைக்காரர் அவருக்கு மட்டும் கூடக் கொஞ்சம் சர்க்கரை நிறுத்துப் போடுகிறாராம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். பிறகு திரையில் நின்றுகொண்டிருந்த தன் முகத்தையே பார்த்தாள்.

“தம்பி, எனக்கு அந்தாளு மேல ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா டிவில பாக்குறப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான் எப்ப அவனை இப்படிப் பாத்தேன்? மனசுக்குள்ள எதோ இருக்கப் போய்த்தான் கட்டினவரு கண்ணுக்குத் தெரியாம போயிட்டாரோ? நீதான எல்லாத்தையும் பாக்குறவன். சொல்லு. நான் இப்படிப் பாத்தேனா?”

அந்த ஒரு நிமிடம் கத்திரியின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது எல்லாம். வெட்டாத பதிவைப் போட்டுக் காட்டியிருந்தால், ‘கட்’ என்ற குரலும், அவள் திரும்புவதும், ஓரத்தில் லிஃப்ட்காரரின் கருவிப் பையும் தெரிந்திருக்கும். அவன் திரையை அணைத்தான்.

“பாத்தீங்க மேடம்,” என்றான். “நடிப்புதான. நல்லா வந்திருக்கு.”

அண்ணி என்று கூப்பிடுகிறவன் அன்றைக்கு மேடம் என்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள். லிஃப்ட் நின்றிருந்ததால் படியில் இறங்கினாள், நாலு மாடியும் இறங்கி முடிக்கும்வரை அவள் செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் எடிட்டிங் அறையை விட்டுப் போகவே இல்லை. ஹெட்ஃபோனை மாட்டினால் வசனத்துக்குக் கீழே கேட்டது. ஒலிப்பதிவு செய்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டினான், ஆமாம், யாரோ படி இறங்குகிறார்கள் என்று அவரும் சொன்னார், வடிகட்டிப் பார்த்தார், போகவில்லை. ஊரிலும் தொடரைப் பார்த்தவர்களுக்கு அது கேட்டது. மாடியில் இருப்பவர்கள் நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள், மேலே மாடி இல்லாதவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அவள் தன்னைத் தானே தண்டிக்க ஆரம்பித்தாள். பாயைத் தனியாகப் போட்டுப் படுத்தாள். என்னங்க என்று கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள், அப்படிக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை என்றாள். அவர் கூடத்தில் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமல், ஒருநாள் அவர் மேல் மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா என்று அப்போது கேட்டாள். அதை லிஃப்ட்காரர் படிக்கட்டில் வைத்துச் சொன்னார், வழக்கம்போல மூடியில் பாதியைப் பிரித்து வைத்துவிட்டு. துணியை எல்லாம் எடுத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாளாம். கத்திரி மூடியைக் கீழே வைத்தான். நான்தான் அண்ணே என்றான். எங்கிருந்து எடுத்தான், எதற்கு எதிரே வைத்தான், அவள் கேட்டபோது என்ன பொய் சொன்னான் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். லிஃப்ட்காரர் கிரீஸ் துடைக்கும் கழிவுத் துணியில் விரல்களைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும் தம்பி,” என்றார்.

கத்திரி கீழே வைத்த மூடியைப் பார்த்தான், அவர் பிரித்து வைத்த பாதி அப்படியே இருந்தது.

“எம் பொண்டாட்டி என்னைப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா? தெனம் ஏழரைக்கு டிவி முன்னால உக்காந்து வாங்கிக்கிட்டுத்தான இருக்கேன். வேற எங்க கெடைக்குது எனக்கு? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சோத்தை நிறுத்திட்டா உனக்கு வசதியாப் போயிடும், சொல்லாமயே இருந்துடுவ. அதான் நிறுத்தல.” எழுந்து டிபன் அடுக்கை மூடினார். “எனக்குச் சொன்னது போதாது. அவகிட்டப் போய்ச் சொல்லு. அவ தன்னையே திருடின்னு நெனச்சுக்கிட்டுத் திரியுறா.”

அன்று சாயங்காலமே அவன் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். கட்டிவைத்த பெட்டி கதவோரத்தில் இருந்தது. அவள் அழவில்லை, திட்டவில்லை. அவன் சொல்லி முடித்த பிறகு ரொம்ப நேரம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். தம்பி என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு அவனை சார் என்று கூப்பிட்டாள்.

“எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கேயே கொண்டுபோய் வச்சிடுங்க சார்,” என்றாள். பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்தாள்.

பழைய பகுதிகளில் ஒட்டிய பார்வைகளை நீக்கிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. அது ஏற்கெனவே ஊரில் அத்தனை வீட்டுக்கும் போய்விட்டது. போன வழியிலேயேதான் திரும்ப வர வேண்டும் என்று கத்திரிக்குப் புரிந்தது. தொடர் முடிகிற வாரம் வந்தது. கடைசிப் பகுதியில் மருமகள் வீட்டுக்குத் திரும்பி வருவாள், கதவு திறக்கும், நாயகன் நிற்பான், இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள், வணக்கம் போட்டு முடித்துவிடுவார்கள். கத்திரி ஒரு சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். லிஃப்ட்காரரை ஒரு முழு மதியம் படம் பிடித்தான். அவர் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டதை, அது சிக்கிக்கொண்டபோது வாய்க்கு வந்தபடி திட்டியதை, சாப்பிட்டதை, புரையேறியதை, கண்ணில் தண்ணீர் வரத் தும்மியதை, தாளம் தப்பிப் பாடியதை, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண் அசந்ததை எல்லாம் பிடித்தான். கடைசியில், அண்ணி அங்கே நிற்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். நீலச் சட்டையில் இருந்தவர் கையைக் கழிவுத் துணியில் துடைத்தார், தலையை நிமிர்த்தினார், உதட்டு ஓரத்தில் சிரிப்பு வர ஆரம்பித்தது.

பிறகு கீழே போய் நல்ல எடிட்டர் யாராக இருந்தாலும் செய்கிறதைச் செய்தான். முழு மதியத்தையும் ஓட்டிப் பார்த்து, அந்தக் கடைசித் துண்டை மட்டும், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் வருகிற அளவுக்கு வெட்டி எடுத்தான். கச்சிதமாக இருந்தது. இத்தனை நாளாகத் திருடிய பார்வைகள் எல்லாவற்றையும் கடைசிக் காட்சியில் வரிசையாகக் கோத்தான், இடம் வலம் மாற்றிப் போட்டதை நேராக்கினான், ஒவ்வொன்றுக்கும் எதிரே லிஃப்ட்காரரின் அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப வைத்தான். நாயகனின் முகம் ஒரு இடத்திலும் வரவில்லை. யாருக்கும் காட்டாமல், கடைசி நிமிடத்தில் சேனலுக்கு அனுப்பினான். தொடர் முடிந்தால், ஒளிபரப்பானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்து அடுத்த தொடருக்கு இடம் விட வேண்டும் என்பது அந்த இடத்து வழக்கம். அவன் அதையும் அன்றைக்கே செய்தான். மனசில் இருந்த பாரத்தையே அழிக்கிற மாதிரி, கொஞ்சம் சந்தோஷமாகவே செய்தான்.

ஏழரைக்கு ஊரெல்லாம் கதவு திறந்ததைப் பார்த்தார்கள். இரண்டு வருடமாக இருந்த நாயகன் இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டைக்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டிலிருந்தும் சேனலுக்கு ஃபோன் வரவில்லை. இவர்தான் புருஷன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, இத்தனை நாளாக அந்த இன்னொரு ஆள் ஏன் குறுக்கே நின்றான் என்று மட்டும் சிலர் பேசிக்கொண்டார்கள். நாயகனும் தன் வீட்டில் பார்த்தான், புது ஆள் நன்றாகப் பண்ணியிருக்கிறார், முடியைக் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம் என்றான். டிவிகள் தொட முடியாத அளவுக்குச் சுட்டன. நாயகி தன் கூடத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் என்னங்க என்று திரும்பினாள். பக்கத்தில் அவர் இருந்தார். அவர் இருந்ததை அவள் பார்த்தாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது, ஆனால் அவள் கண்ணுக்கு அவர் சாப்பிடவில்லை, நீலச் சட்டையோடு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திச் சிரிக்கத் தொடங்கினார். மறுபடி கையைத் துடைத்தார், மறுபடி சிரிக்கத் தொடங்கினார். தான் போட்டிருப்பது வெள்ளைச் சட்டை என்று அவர் சொன்னார். தூங்கும்போது பார்த்தாள், குறட்டைச் சத்தத்துக்கு நடுவில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கத்திரி கொடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

விஷயம் காதுக்கு எட்டியபோது கத்திரி நாலாம் மாடிக்கு ஓடினான். அழித்தது அழித்ததுதான், அதன் மேல் புதுத் தொடர் ஒன்று ஏறியிருந்தது. திட்டியது, தும்மியது, புரையேறியது, தாளம் தப்பியது, கண் அசந்தது எல்லாவற்றையும் அவன்தான் வேண்டாம் என்று வெட்டியிருந்தான். அவ்வளவையும் அப்படியே ஓடவிட்டிருந்தால் அவள் ஒரு முழு மனுஷனைத் திரும்ப வாங்கியிருப்பாள். லிஃப்ட்காரரை மறுபடி படம் பிடித்து, வேலை கிடைத்த இன்னொரு தொடரில் நைசாகச் சேர்த்தும் பார்த்தான். திரையில் அவர் மட்டும் ஓடினார், எதிரே வைக்க அவளுடைய பார்வை ஒன்று கூட அவனிடம் மிச்சம் இல்லை. ஒளிபரப்பில் போனதெல்லாம் அவளிடமே திரும்பிப் போய்விட்டது. அதை அவரிடம் சொன்னபோது, விடுடா, நீ வேணும்னேவா பண்ணின என்றார். வேண்டுமென்றே பண்ணியது முதல் தடவைதான், இந்தத் தடவை கைப்பழக்கம். அப்படிப் பிரித்துச் சொல்வதில் தனக்கு என்ன ஆறுதல் இருக்க முடியும் என்று கத்திரிக்குத் தெரியவில்லை.

அவள் அதற்குப் பிறகு நடிக்கவில்லை. கத்திரி அந்த வீட்டுக்கு எப்போதாவது போவான், சாப்பிடுங்க சார் என்று தட்டு வைப்பாள், குறை வைக்க மாட்டாள், தம்பி என்று மட்டும் கூப்பிட மாட்டாள். வருடங்கள் போயின. நூல் கிடங்குக் கட்டடத்தில் புது லிஃப்ட் வந்தது, நிற்காத லிஃப்டுக்கு மெக்கானிக் எதற்கு என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலை நரைத்தது, பிறகு முடியே போனது, முதுகு கொஞ்சம் வளைந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க நெஞ்சுச் சளியில் படுத்துக் கிடந்தார். பார்க்க வந்தவர்கள், இருமி இருமித் துவளுகிற மனுஷனைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டே கஞ்சி ஊட்டுவதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நம்மைப் பார்த்து ஒருவர் சிரித்தால் நாமும் சிரிப்போம், அவ்வளவுதான் அவள் செய்தது. சுளித்தவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லக் கூடிய கத்திரி கூடத்தில் அவர்களோடுதான் நின்றிருந்தான், சொல்லவில்லை.

தெருவில் இப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் அந்த வீட்டு ஜன்னலைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இரண்டு பேரும் பேசுவது கேட்கும். இன்னைக்கு எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்பாள். அவர் தன்னைத் தானே சொல்லிக் கொடுப்பார். முகம் கழுவியாகிவிட்டது, சவரம் பண்ணவில்லை, பழுப்புச் சட்டை, இரண்டாவது பட்டன் இல்லை, இடது கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அவள் கையால் தடவிச் சரிபார்த்துக்கொள்வாள். கைக்கு ஒரு வயசு, கண்ணுக்கு ஒரு வயசு, ரெண்டு ஆளோட குடும்பம் நடத்துறேன் என்று சில நாள் கிண்டல் பண்ணுவாள். நேற்றுக் காலையில் அவர், “இன்னைக்கு நான் கோவமா இருக்கேன், தெரிஞ்சுக்கோ,” என்று சொன்னது தெருவுக்கே கேட்டது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சிரிக்கத் தொடங்கிக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரிங்க,” என்றாள். “எதுக்குன்னு சொல்லுங்க.”